இணையம் பயணிகளை உருவாக்குகிறதா, இடம் மாற்றுகிறதா?

முதுகலை ஆய்வேட்டுக்காக நீங்கள் கேட்டது இது: டிஜிட்டல் தொழில்நுட்பம் வெவ்வேறு நாடுகளின் சுற்றுலா வளர்ச்சியை எப்படிப் பாதிக்கிறது? இணைய வசதியில் முன்னேறிய நாடுகளுக்குத்தான் பயணிகளும் அதிகமாக வருகிறார்களா? இதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. தொழில்நுட்பத்தால் உலகில் பயணம் செய்வோரின் தொகை கூடியதா? கூடியவர்கள் எந்த நாட்டுக்கு, அந்த நாட்டுக்குள் எந்த ஊருக்குப் போனார்கள்? அவர்கள் செலவிட்ட பணம் கடைசியில் யார் கையில் நின்றது? முதல் கேள்விக்குப் பலரும் தயங்காமல் ‘ஆம்’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மூன்றிலும் நிரூபிக்க மிகக் கடினமானது அதுதான். மற்ற இரண்டுக்கும் இன்னும் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். உங்கள் ஆய்வு அவற்றை நோக்கித் திரும்பினால் நல்லது என்பது என் கருத்து.

நான் பொருளாதார ஆய்வாளன் இல்லை. ஐரோப்பியக் குழுக்களைத் தென்னிந்தியாவுக்கு வரவழைத்துச் சுற்றிக்காட்டும் தொழிலில் 1996 முதல் இருக்கிறேன். சில ஆண்டுகளாகக் கல்லூரி ஒன்றில் சுற்றுலா மேலாண்மைப் பாடமும் எடுக்கிறேன். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ஜெர்மனியிலிருந்து மாமல்லபுரத்தில் அறை கேட்டு ஃபேக்ஸ் வரும். ஓட்டலுக்குத் தொலைபேசியில் பேசி, வாடகையை எழுதி வாங்கி, மறு ஃபேக்ஸ் அனுப்பி, அவர்கள் ஒப்புதல் தந்து முடிய மூன்று நாள் ஆகும். இன்று அதே பயணி ஹாம்பர்க்கில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி ஐந்து நிமிடத்தில் அந்த அறையைப் பிடித்துவிடுகிறார். இரண்டு காலத்திலும் வேலை செய்தவன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: வேலையின் வேகம் கூடியது வேறு, சுற்றுலா வளர்ந்தது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ஐ.நா. சுற்றுலா அமைப்பு வெளியிடும் எண்களையே எடுத்துக்கொள்வோம். 1950-இல் எல்லை கடந்து சென்று ஓர் இரவாவது தங்கிய பயணிகள் சுமார் 2.5 கோடி. 2000-இல் அது 67 கோடியைத் தாண்டியது. இருபத்தேழு மடங்கு. அந்த ஐம்பது ஆண்டுகளில் பெரும்பகுதியில் சாதாரணப் பயணியின் கையில் இணையமே கிடையாது. ஜெட் விமானம், நடுத்தர வர்க்கத்தின் சம்பள உயர்வு, சம்பளத்துடன் கூடிய விடுமுறை, மொத்தமாக இருக்கை வாங்கி விற்ற சுற்றுலா நிறுவனங்கள் ஆகியவைதான் அந்த வளர்ச்சியைத் தூக்கி நிறுத்தின. 2000-க்குப் பிறகு, இணையமும் கைபேசியும் உலகெங்கும் பரவிய காலத்தில், 2019-இல் எண்ணிக்கை சுமார் 146 கோடியானது. ஏறத்தாழ இரண்டு மடங்குதான். பெரிய எண்ணின் மீது விழும் வளர்ச்சி விகிதம் குறைவாகத்தான் தெரியும் என்று நீங்கள் மறுத்தால் அது நியாயமான மறுப்பு. ஆனாலும் ‘இணையம் வந்தது, சுற்றுலா வெடித்தது’ என்ற கதைக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. 2020-இல் உலகமே முன்னெப்போதையும்விட அதிகமாக இணையத்தில் மூழ்கியிருந்தது. சர்வதேசப் பயணம் ஒரே ஆண்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு சரிந்தது. எல்லை மூடினால் எந்தச் செயலியாலும் ஒருவரையும் அழைத்துவர முடியாது.

தொழில்நுட்பத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயணியின் கண்ணில் படாத இடத்தில் அது 1960-களிலேயே நுழைந்துவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து கட்டிய ‘சேபர்’ என்ற கணினி முன்பதிவு முறை இல்லாமல் ஜெட் யுகத்தின் இருக்கைகளை நிரப்பியிருக்கவே முடியாது. 2001-இல் மலேசியத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸ் பெயரளவுத் தொகைக்கு ஏர் ஏசியா விமான நிறுவனத்தை வாங்கி, முகவர்களைத் தாண்டி இணையத்தில் நேரடியாக டிக்கெட் விற்கத் தொடங்கினார். குறைந்த கட்டணத்துக்குக் காரணமான சிக்கனங்களில் அந்த நேரடி விற்பனையும் ஒன்று. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு இன்று குடும்பத்தோடு போய்வரும் சிறுவணிகர், அவர் அறியாமலே, அந்த மாற்றத்தின் பயனைப் பெறுகிறார். ஆகவே தொழில்நுட்பம் வளர்ச்சிக்கு உதவும் முதல் வழி விலை. கவர்ச்சியான விளம்பரமெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இனி உங்கள் இரண்டாவது வரிக்கு வருகிறேன்: இணைய வசதி மிக்க நாட்டுக்குத்தான் கூட்டம் போகிறதா? ஜப்பானையும் எஸ்டோனியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரஷ்யாவின் சிறிய அண்டை நாடான எஸ்டோனியா, டிஜிட்டல் அரசு நிர்வாகத்துக்கு உலகமே உதாரணம் காட்டும் நாடு. 2005-இலேயே இணையவழி வாக்களிப்பு, 2014-இல் வெளிநாட்டவருக்கு இ-ரெசிடென்சி (அங்கே குடியிருக்காமலே இணையத்தில் தொழில் நடத்த உதவும் டிஜிட்டல் அடையாளம்), 2020-இல் தொலைவிலிருந்து வேலை செய்வோருக்கென்று தனி விசா. இருந்தும் 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு அங்கே ரஷ்யப் பயணிகளின் வரவு நின்றது. 2023-இலும் வெளிநாட்டு விருந்தினர் எண்ணிக்கை பெருந்தொற்றுக்கு முந்தைய அளவுக்குத் திரும்பவில்லை. ஜப்பான் நேர் எதிர். 2015-இல் அங்கே மக்கள் செய்த செலவில் ரொக்கமில்லாப் பரிமாற்றம் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இலவச வைஃபை கிடைப்பதில்லை என்று வெளிநாட்டினர் ஓயாமல் குறைகூறிய நாடு அது. அந்த நாட்டுக்கு 2012-இல் வந்த வெளிநாட்டினர் சுமார் 84 லட்சம், 2019-இல் 3.19 கோடி, 2024-இல் 3.69 கோடி. தென்கிழக்காசிய நாட்டவருக்கு விசா தளர்த்தப்பட்டதும், யென்னின் மதிப்பு இறங்கியதும், குறைந்த கட்டண விமானங்கள் பெருகியதும் இதற்குப் பெரிய காரணங்கள்.

இந்த ஒப்பீட்டிலிருந்து ‘இணையம் முக்கியமில்லை’ என்று முடிவுகட்டினால் தவறு. சியோலிலும் தைபேயிலும் உள்ள பயணி தன் ஊர் இணையத்தில், தன் மொழியில், தன் கைபேசியில்தான் ஜப்பான் பயணத்தைத் திட்டமிட்டார். ஒசாகாவில் இறங்கியபோது வரைபடமும் மொழிபெயர்ப்புச் செயலியும் அவர் சட்டைப்பையிலேயே இருந்தன. பயண முடிவு பிறக்கும் இடம் பயணியின் வீடு. போய்ச்சேரும் நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் இணையம் பயன்படுத்துகிறார்கள் என்று அளப்பது, வாங்குபவரை விட்டுவிட்டு விற்பவரின் வீட்டை அளப்பதைப் போன்றது. நீங்கள் படிக்கப்போகும் பல ஆய்வுக் கட்டுரைகள் பல நாடுகளின் பல ஆண்டுத் தரவை அடுக்கி, இணையப் பயன்பாடு கூடினால் சுற்றுலா வருவாயும் கூடுகிறது என்று காட்டும். அந்தத் தொடர்பு உண்மைதான். ஆனால் செல்வம் பெருகும் நாட்டில் இணையமும் கூடும், விமான நிலையமும் பெரிதாகும், ஓட்டல்களும் பெருகும், பயணிகளும் வருவார்கள். இவற்றில் எது எதை இழுத்தது என்பதை அந்த அட்டவணையால் பிரித்துச் சொல்ல முடியாது. சில சமயம் சுற்றுலாவே இணையத்தைக் கொண்டுவருகிறது: பயணிகள் கேட்கிறார்கள் என்பதற்காகத்தான் எத்தனையோ மலைக்கிராமங்களுக்குக் கைபேசிக் கோபுரம் வந்தது.

பிரித்துச் சொல்ல முடிகிற இடங்களும் உண்டு. என் தொழிலில் நான் நேரில் பட்டது விசா. 2014 நவம்பர் 27 அன்று இந்தியா 43 நாட்டவருக்கு இணையவழி விசாவைத் தொடங்கியது. பிறகு பட்டியல் நூற்றைம்பது நாடுகளைத் தாண்டியது. 2014-இல் 76.8 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் வருகை 2019-இல் 1.09 கோடியானது. அந்த ஆண்டு வந்தவர்களில் சுமார் 29 லட்சம் பேர் இ-விசாவில் வந்தவர்கள். இந்த 29 லட்சத்தையும் இ-விசாவின் சாதனையாக எழுதுகிற அறிக்கைகளை நம்பிவிடாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் காகித விசாவிலும் வந்திருப்பார்கள். நாம் தேடுவது, அந்த வசதி இல்லாவிட்டால் வராமல் போயிருக்கக்கூடியவர்களை. அவர்களை வெளிச்சம் போட்டுக் காட்டியது 2022. பெருந்தொற்றுக்குப் பின் அந்த ஆண்டு மார்ச்சில் பெரும்பாலான நாட்டவருக்கு இ-விசா திரும்ப வந்தது. பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் வரவில்லை. பிரிட்டிஷ் பயணி நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும், முன்பதிவு நேரமோ கிடைக்காது. அக்டோபர் முதல் மார்ச் வரைதான் தென்னிந்தியாவில் எங்களுக்குப் பருவம். முழுப்பணம் கட்டியிருந்த வயதான தம்பதிகள், ஸ்காட்லாந்தின் உட்பகுதியிலிருந்து விசா மையத்துக்கு இருமுறை ரயிலேறிச் சென்றும் முடியாமல், கண்ணீரோடு ரத்து செய்தார்கள். அதே வாரங்களில் ஜெர்மன், பிரெஞ்சுக் குழுக்கள் வந்துகொண்டிருந்தன. 2022 டிசம்பரில் பிரிட்டனுக்கு இ-விசா திரும்பியதும் ரத்துகள் நின்றன. கோவில் அதே கோவில், கடற்கரை அதே கடற்கரை, விமானக் கட்டணமும் எல்லோருக்கும் ஏறியிருந்தது. மாறியது ஓர் இணையப் படிவம் மட்டும். ஒரு தொழில்நுட்பத்தின் விளைவு இவ்வளவு தெளிவாக என் கண்முன் விரிந்தது அந்த ஒரு முறைதான்.

இலங்கையின் கதை இதற்கு மறுபக்கம். 2012 முதல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணையவழிப் பயண அனுமதி முறையை எடுத்துவிட்டு, 2024 ஏப்ரலில் விசா விண்ணப்பப் பணியைத் தனியார் கூட்டமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். பலருக்குச் செலவு சுமார் 50 டாலரிலிருந்து நூறு டாலரை எட்டியது. சுற்றுலாத் தொழிலில் இருந்தவர்கள் கொதித்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் புதிய முறையை இடைநிறுத்தியது. செப்டம்பர் இறுதியில் பழைய முறை திரும்பியது. தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை மிக மோசமான ஆண்டு. ஆனால் அதே 2024-இல் இலங்கைக்கு வந்தோர் எண்ணிக்கை 14.87 லட்சத்திலிருந்து 20.53 லட்சமாக உயர்ந்தது. 2022-இன் பொருளாதார நெருக்கடியிலிருந்து நாடு மீண்டது, விமானச் சேவைகள் கூடின, பயம் தெளிந்தது. வருகைப் பட்டியலை மட்டும் பார்க்கும் ஆய்வாளர், விசா குழப்பம் சுற்றுலாவை வளர்த்தது என்று எழுதிவிடக் கூடும்! குழப்பம் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. பிரிட்டனையும் ஜெர்மனியையும் ஒப்பிட்டதைப் போன்ற ஒப்பீடு இங்கே கிடைக்கவில்லை என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. கென்யாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில் ‘இனி யாருக்கும் விசா வேண்டாம்’ என்று அறிவித்துவிட்டு, எல்லோரும் இணையத்தில் முன்அனுமதி பெற வேண்டும், 30 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். அதுவரை எதுவுமே கேட்காமல் உள்ளே விடப்பட்ட சில ஆப்பிரிக்க நாட்டவருக்கு அது புதிய கதவு, அதுவும் பூட்டிய கதவு. அடுத்த ஆண்டில் பெரும்பாலான ஆப்பிரிக்கர்களுக்கு அந்த நிபந்தனையை நீக்க வேண்டியதாயிற்று. இணையத்துக்கு மாற்றியதாலேயே ஒரு நடைமுறை எளிதாகிவிடாது.

தகவலின் விளைவைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் மிக நேர்த்தியான சோதனை ஸ்பெயினில் நடந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அறுபது ஸ்பானிய நகரங்களை எடுத்துக்கொண்டு, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழி விக்கிப்பீடியாக்கள் உள்ளிட்டவற்றில் அந்த நகரங்களின் பக்கங்களைப் பார்த்தார்கள். சீட்டுக் குலுக்கியது போலத் தேர்ந்தெடுத்த பக்கங்களில் மட்டும் இரண்டொரு பத்தி வரலாறும் சில படங்களும் சேர்த்தார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். பிறகு எந்த நாட்டவர் எந்த நகரில் எத்தனை இரவு தங்கினார்கள் என்ற அரசுப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டார்கள். பக்கம் வளமான மொழியைப் பேசுவோர், பருவகாலத்தில் சுமார் 9 சதவீதம் கூடுதல் இரவுகள் தங்கினார்கள் என்பது அவர்கள் முதலில் வெளியிட்ட முடிவு. அந்த விளைவு பெரும்பாலும் அதுவரை மிகச் சுருக்கமாகவும் அரைகுறையாகவும் இருந்த பக்கங்களிலிருந்து வந்தது. விளம்பரத்துக்கு ஒரு காசு செலவில்லை. இதில் கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு: அந்த ஜெர்மானியர் வேறொரு ஸ்பானிய நகரில் தங்க வேண்டிய இரவைத்தான் இங்கே தங்கினாரா, அல்லது புதிதாக ஓர் இரவைச் சேர்த்தாரா என்பது தனிக் கேள்வி. நாட்டின் மொத்தம் கூடாமலே ஊர்களுக்குள் பங்கு மாறியிருக்கலாம். சிறிய ஊர்க்காரருக்கு அந்தப் பங்கு மாற்றமே வாழ்வு. ஒரு சுற்றுலாத் துறை கோடிக்கணக்கில் செலவழித்துப் படம் எடுப்பதற்கு முன், தன் ஊர்களைப் பற்றிப் பிற மொழிகளில் நாலு நல்ல பத்திகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

படங்களின் வலிமையைப் பேசும்போது எல்லோரும் ஐஸ்லாந்தைக் காட்டுவார்கள். 2010 ஏப்ரலில் அங்கே எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளியே முடங்கியது. அஞ்சிய பயணிகளை ஈர்க்க அந்த நாடு ஜூன் மாதம் சமூக ஊடகங்களை மையமாக வைத்துப் பெரிய பிரசாரம் செய்தது. 2010-இல் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2018-இல் 23 லட்சமானார்கள். நாட்டின் மக்கள்தொகையோ மூன்றரை லட்சம். இதை டிஜிட்டல் விளம்பரத்தின் வெற்றி என்று பாடமாகவே நடத்துகிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். பிறகு மற்றவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். 2008-இல் வங்கிகள் சரிந்து அவர்களுடைய நாணயமான குரோனாவின் மதிப்பு பாதியளவுக்கு விழுந்திருந்தது. உலகின் விலையுயர்ந்த நாடுகளில் ஒன்று திடீரென்று கைக்கு எட்டியது. 2012-இல் ‘வாவ் ஏர்’ என்ற குறைந்த கட்டண விமான நிறுவனம் பறக்கத் தொடங்கியது. 2019 மார்ச்சில் அது மூழ்கியது. அந்த ஆண்டு பயணிகள் எண்ணிக்கை சுமார் 20 லட்சமாக இறங்கியது. அந்த நாட்டின் அருவிப் படங்கள் அந்த ஆண்டும் கைபேசிகளில் குறையவில்லை. படம் ஆசையை மூட்டுகிறது, பயணமாக மாற்றுவது கட்டணமும் நாணயமும்தான் என்பது என் முடிவு. விகிதம் என்ன என்று கேட்டால், அந்த மூன்றும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததால் யாராலும் பிரித்துத் தர முடியாது.

ஆனால் படம் கூட்டத்தை எங்கே குவிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே ஐஸ்லாந்தில் ஃப்யாத்ரார்க்லூஃபுர் என்றொரு பள்ளத்தாக்கு. 2015-இல் உலகப் புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் காணொளியில் அது தோன்றிய பிறகு, கூட்டம் பாசிப்படுகையை மிதித்துச் சேறாக்கியதால் 2019-இல் அதை மூட வேண்டியிருந்தது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் குடியிருப்போர் எண்ணூறைத் தொடமாட்டார்கள்; பருவகாலத்தில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வரை வருகிறார்கள், பெரும்பாலும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட. 2023-இல் அந்தக் காட்சியை மறைத்து மரத்தடுப்பு வைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். ஜப்பானில் ஃபூஜி மலையடிவார ஊரில் 2024-இல் ஒரு கடைக்கு எதிரே கருப்புத் திரையே கட்டினார்கள். பழைய வழிகாட்டி நூல்களும் கூட்டத்தைக் குவித்தனதான். ஆனால் ஒரு நூல் ஓர் ஊரையே காட்டும். கைபேசி ஓர் இடத்தை, ஒரு கோணத்தை, ஒரு நேரத்தைக் காட்டுகிறது. பத்தாயிரம் பேரும் அதே சதுர அடியில் வந்து நிற்கிறார்கள். நாட்டின் சுற்றுலா ‘வளர்ந்தது’ என்று அறிக்கை சொல்லும்போது, அடுத்த பள்ளத்தாக்கின் விடுதி காலியாகக் கிடக்கலாம். சராசரி எண்கள் இதை முழுமையாக மறைத்துவிடும்.

பணம் யார் கையில் நின்றது என்ற மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் வருத்துவது. காரைக்குடிக்கு அருகே ஒரு பழைய வீட்டில் மூன்று அறைகளைப் பயணிகளுக்கு விடும் அம்மையார் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். முன்பு எங்களைப் போன்ற நான்கைந்து முகவர்களை நம்பியே அவர் இருந்தார். நாங்கள் அழைக்காத மாதங்களில் வீடு வெறுமையாகக் கிடந்தது. முன்பதிவுத் தளங்களில் சேர்ந்த பிறகு, யாரையும் கெஞ்சாமல் பெல்ஜியத்திலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் விருந்தினர் வருகிறார்கள். இது உண்மையான விடுதலை. எங்கள் தொழிலுக்கு நட்டம் என்றாலும் நான் மகிழ்கிறேன். ஆனால் 3,000 ரூபாய் வாடகையில் 540 ரூபாய் தளத்துக்குப் போகிறது. வரைபடத்தில் வீட்டின் குறி இரண்டு தெரு தள்ளி விழுந்திருந்ததால் ஒரு விருந்தினர் இரவில் அலைந்து திரிந்து, குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டார். அடுத்த இரண்டு மாதம் முன்பதிவு பாதியானது. குறியைச் சரிசெய்யச் சொல்லி அவர் மகன் ஆறு முறை எழுதினான். முகம் தெரியாத ஒன்றுடன் வழக்காடுவது எப்படி என்று அந்த அம்மையார் என்னிடம் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அந்த 540 ரூபாய் எங்கே போகிறது என்று தேடிப் பாருங்கள், ஆய்வுக்கு நல்ல இழை கிடைக்கும். தளங்களின் கமிஷன் பொதுவாக 15 சதவீதத்தை ஒட்டித் தொடங்கி மேலே போகிறது. அவற்றில் பெரியதான புக்கிங் குழுமம் 2023-இல் சந்தைப்படுத்தலுக்கு மட்டும் சுமார் 680 கோடி டாலர் செலவிட்டது. அதன் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி தேடுபொறி விளம்பரத்துக்கு. ஆக, காரைக்குடி அறையின் வாடகையில் ஒரு பகுதி புக்கிங் தளம் இயங்கும் ஆம்ஸ்டர்டாம் வழியாகத் தேடுபொறி நிறுவனம் இருக்கும் கலிபோர்னியாவுக்குப் போகிறது. பயணி இந்தியாவில் செலவிட்டதாகக் கணக்கில் இருக்கும், பணம் இந்தியாவில் தங்கியிருக்காது. பணக்கார நாடுகள் இதை எதிர்த்துப் பேசும் வலிமையைப் பெற்றிருக்கின்றன: தளத்தில் உள்ள விலையைவிடக் குறைவாக ஓட்டல் தன் சொந்த வலைத்தளத்தில் விற்கக் கூடாது என்ற நிபந்தனையை 2015-இலேயே பிரான்ஸ் சட்டத்தாலும் ஜெர்மனி தன் சந்தைப் போட்டி ஆணையத்தின் உத்தரவாலும் உடைத்தன. சிறிய நாட்டின் சிறிய விடுதிக்கு அப்படி ஓர் ஆணையம் துணைநிற்பது அரிது. தொழில்நுட்பம் ஒன்றே, விளைவு நாட்டுக்கு நாடு மாறுவது இந்த இடத்தில்தான். பெரு நாட்டில் 2024 ஜனவரியில் மச்சு பிச்சு என்ற பழங்கால மலைநகரத்தின் நுழைவுச்சீட்டு விற்பனையைத் தனியார் இணையத்தளத்திடம் கொடுத்தபோது மலையடிவார ஊர்மக்கள் கடையடைத்து, ரயில்பாதையை மறித்தார்கள், அரசு பின்வாங்கியது. அவர்களுக்கு இணையம் வேண்டாம் என்பதில்லை. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ஊரின் பிழைப்பும் இருக்கிறது என்பதை அவர்கள் எந்த ஆய்வாளரையும்விட நன்றாக அறிந்திருந்தார்கள். பார்சிலோனா 2028 நவம்பருக்குள் 10,101 சுற்றுலா அடுக்கக உரிமங்களை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-இல் அறிவித்ததும் இதே கணக்கின் இன்னொரு பக்கம்: குறுகிய கால வாடகைத் தளங்கள் பயணிக்கு அறையைத் தந்தன, ஊர்க்காரருக்கு வீட்டு வாடகையை ஏற்றின. அந்த ஏற்றத்தில் தளங்களின் பங்கு எவ்வளவு, வீடு கட்டாமையின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தீராத விவாதம்.

பணம் செலுத்தும் முறையையும் பார்த்துவிடுவோம். சீனாவைப் பாருங்கள். உலகிலேயே அதிகமாகக் கைபேசியில் பணம் கட்டும் நாடாக அது மாறியபோது, வெளிநாட்டுப் பயணி ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கவும் தடுமாறினார். அவருடைய அட்டை அந்தச் செயலிகளில் ஏறாது, கடைக்காரரிடம் சில்லறையும் இராது. உள்நாட்டவருக்கு வசதியான தொழில்நுட்பம் விருந்தினருக்கு மதிலானது. 2023 ஜூலையில் வெளிநாட்டு அட்டைகளை இணைக்க வழி திறந்தார்கள்; 2024 மார்ச்சில் ஒரு பரிமாற்றத்தின் உச்சவரம்பை 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராக உயர்த்தினார்கள். பிறகு பயணிகள் கூடினார்கள். ஆனால் 2023 டிசம்பரில் பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட நாட்டவருக்கு விசா விலக்கும் வந்தது. எது எவ்வளவு என்று பிரிப்பது ஐஸ்லாந்தைப் போலவே இங்கும் கடினம்.

இவ்வளவையும் படித்துவிட்டு எதை எடுத்து ஆராய்வது என்று நீங்கள் திகைக்கலாம். நூறு நாடுகளை ஒரே அட்டவணையில் அடைக்காதீர்கள். ஒரு நாடு, ஒரு மாற்றம், அந்த மாற்றம் தொட்டவர்கள், தொடாதவர்கள் என்று சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘வருகை’ என்ற எண்ணில் உறவினரைப் பார்க்க வந்தவரும் வியாபாரத்துக்கு வந்தவரும் அடக்கம் என்பதை மறக்காதீர்கள். உஸ்பெகிஸ்தானில் 2017-க்கும் 2019-க்கும் இடையே எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதைக் கண்டு, 2018-இல் தாஷ்கண்ட் மெட்ரோ நிலையங்களில் படமெடுக்க இருந்த தடை நீங்கியதையும் இ-விசா வந்ததையும் காரணமாக எழுதத் தோன்றும். வந்தவர்களில் பெரும்பாலோர் அண்டை நாடுகளிலிருந்து, திறந்த எல்லைகளைக் கடந்து சொந்தபந்தங்களைப் பார்க்க வந்தவர்கள். முடிந்தால் தங்கிய இரவுகளையும் செலவையும் அளவாகக் கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன பிரிட்டிஷ் இ-விசா இடைவெளியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். நம் சுற்றுலா அமைச்சகம் எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வெளியிடுகிறது. 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை பிரிட்டன் ஒரு நெடுவரிசையில், ஜெர்மனியும் பிரான்சும் அடுத்த நெடுவரிசைகளில், அவற்றுக்கு எதிரே 2018–19 பருவத்தின் அதே மாதங்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கனடாவைச் சேர்க்கும்போது மட்டும், அங்கிருந்து வருவோரில் பஞ்சாபுக்கு உறவினரைப் பார்க்க வருவோர் அதிகம் என்பதால், தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.